ஒரு சுற்று குறைவு

ஜூன் 2, திங்கள்

துப்பாக்கி சுடுகிறவர்கள் எல்லாரும் டைரி எழுத வேண்டுமாம். கிளப் ஹவில்தாரின் உத்தரவு. "அன்னன்னிக்கு என்ன சுட்டீங்க, மனசு எப்படி இருந்துச்சு, எல்லாத்தையும் எழுதுங்க சார். பொய் மட்டும் எழுதாதீங்க, குறி தவறிரும்" என்றார். ஆகவே உண்மையிலிருந்து தொடங்குகிறேன்: இன்று நூற்றுக்கு எழுபத்தெட்டு. மனசு சரியில்லை. ஏன் சரியில்லை என்றால், எழுபத்தெட்டு.

இதை என்றாவது தோண்டி எடுத்துப் படிக்கப் போகும் என் மனைவி கோகிலவாணிக்குத் தெரியாதது எதுவும் என்னிடம் இல்லை. வேறு யாராவது படித்தால் என்ன செய்வது என்று ஒரு முன்னுரை. பெயர் சேனாதிபதி. வயது ஐம்பத்தொன்று. பம்பு கம்பெனியில் சர்வீஸ் மேனேஜர். கோயம்புத்தூரில் வாங்கிப்போன மோட்டார் எந்த ஊரில் புகைந்தாலும் போய்ப் பார்த்து, ஜாப் கார்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'உபயோகிப்பாளர் தவறு' என்று எழுதிவிட்டு வருவது என் வேலை. இருபத்தாறு வருஷத்தில் எங்கள் மோட்டார் ஒரு தவறும் செய்ததில்லை.

நான்கு வருஷம் முன்பு டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். ரைபிள் கிளப் வரை நடந்தேன். அங்கே நாற்காலி இருந்தது. அப்படித்தான் நான் விளையாட்டு வீரனானேன்.

கிளப்பில் இருபத்தைந்து மீட்டர் போட்டிக்கு ஆகிற பிஸ்டல் ஒன்றே ஒன்றுதான். அதைப் பங்கு போட்டுச் சுடுகிறவர்கள் இரண்டு பேர், நானும் ஜெசிந்தா டீச்சரும். டீச்சர் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறவர். போன வருஷம் மாநிலப் போட்டியில் இரண்டே பாயிண்டில் தேசியப் போட்டி வாய்ப்பை விட்டவர். இந்த வருஷப் போட்டி இருபத்தெட்டாம் தேதி. அதற்கப்புறம் அவரைத் தலைமையாசிரியை ஆக்குகிறார்கள். சனி ஞாயிறே கிடையாது. ஆகவே டீச்சருக்கு இது கடைசி முயற்சி.

நானும் போகிறேன், 'மாஸ்டர்' பிரிவில். மாஸ்டர் என்றால் வித்துவான் என்று என் மைத்துனர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நாற்பத்தைந்து தாண்டினால் மாஸ்டர். நான் திருத்தவில்லை.

ஜூன் 4, புதன்

காலையில் வலது ஆள்காட்டி விரல் மடங்கியது மடங்கினபடியே நின்றது. இடது கையால் நிமிர்த்தினேன். 'டக்' என்று சத்தம் போட்டுத் திறந்தது. மலைக்காற்று. வேறொன்றுமில்லை.

ஜூன் 5, வியாழன்

எழுபத்து நான்கு. ட்ரிக்கர் கல் மாதிரி இருக்கிறது என்று ஹவில்தாரிடம் புகார் செய்தேன்.

ஹவில்தார் என்பது குப்புராஜ். ராணுவத்தில் ஆயுதம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். கிளப்பின் ஆயுத அறைச் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். மளிகைக் கடையில் வாங்கிய ஒரு இரும்புக் கிலோக்கல் வைத்திருக்கிறார். அதைக் கம்பிக் கொக்கியில் கட்டி, காலி பிஸ்டலின் ட்ரிக்கரில் மாட்டி மெதுவாகத் தூக்கினார். போட்டி விதி அதுதான்: கல் தரையை விட்டு எழும்ப வேண்டும், அதுவரை உள்ளே இருக்கிற சுத்தியல் விழக்கூடாது. கல் எழும்பியது. சுத்தி விழவில்லை.

"துப்பாக்கி நல்லாத்தானுங்க சார் இருக்குது. நீங்க எப்படி இருக்கீங்க?"

எனக்கென்ன, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஜூன் 7, சனி

இன்று பிஸ்டலைச் சுத்தம் செய்யும் முறை என்னுடையது. எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு கொஞ்சம் நிதானமாகவே சுத்தம் செய்தேன். ட்ரிக்கரை இழுத்தால் சுத்தி விழுகிறது; சுத்தி ஊசியைத் தட்டுகிறது; ஊசி தோட்டாவின் விளிம்பைக் குத்துகிறது; சுத்தியைத் தள்ளிவிடுவது மெயின் ஸ்பிரிங். இவ்வளவுதான் துப்பாக்கி. எங்கள் ஒற்றை பேஸ் மோட்டாரில் இதைவிடச் சமாச்சாரம் அதிகம். பத்தாயிரம் மோட்டாரைப் பிரித்தவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? என்னென்ன செய்தேன் என்று ஒவ்வொன்றாக எழுதுவது தற்பெருமையாகிவிடும்.

பிறகு சுட்டேன். ட்ரிக்கர் வெண்ணெய். தொண்ணூற்றிரண்டு!

டீச்சர் கைதட்டினார். "என்னங்க சார், ஒரே நாள்ல இப்படி?"

"பயிற்சிதானுங்க டீச்சர்" என்றேன்.

ஜூன் 9, திங்கள்

துணி துவைக்கிற மிஷினில் ஒரு கம்பி வளையம் கிடைத்ததாம். ஒன்றேகால் சுற்று இருக்கும், சுண்டுவிரல் மொத்தம். ஒரு முனை பளபளவென்று. கோகிலவாணி அதை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மிஷின்ல ஏதோ ஸ்பிரிங் உடைஞ்சு போச்சுங்க."

"ஆமா, உடைஞ்சிருக்கும்" என்றேன். வேறென்ன சொல்வது? சட்டைப்பையில் இருந்தது என்றால், எப்படி வந்தது என்பாள்.

மெக்கானிக்கை வரச்சொல்லிவிட்டாள். அவர் மிஷினைத் தலைகீழாகப் பிரித்து மூன்று மணி நேரம் தேடினார். "இந்த மாடல்ல இப்பிடி ஒரு ஸ்பிரிங்கே இல்லீங்களே!" என்று அவர் சொன்னபோது நான் செய்தித்தாளில் ராசிபலன் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு கோகிலவாணி வளையத்தை வீட்டுச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டாள். எதையும் எறியமாட்டாள். என்னையே வைத்திருக்கிறாளே.

ஜூன் 11, புதன்

டீச்சர் சுடும்போது 'டிக்'. வெடிக்கவில்லை. அரை நிமிஷம் துப்பாக்கியை இறக்காமல் காத்திருந்து தோட்டாவை வெளியே எடுத்தார். விளிம்பில் கொசு கடித்த மாதிரி ஒரு தடம். பத்து தோட்டாவில் இரண்டு இப்படி.

"தோட்டா சொத்தைங்க. இந்தப் பெட்டியே சரியில்லை" என்று முதலில் சொன்னது நான்தான்.

ஹவில்தார் வெடிக்காத தோட்டாக்களை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு, மேலே தேதி எழுதி வைத்தார். எதற்கு இவருக்கு இவ்வளவு ஒழுங்கு?

ஜூன் 13, வெள்ளி

வேறு பெட்டித் தோட்டா. அதிலும் மூன்று 'டிக்'. பழைய எண்ணெய் பிசினாகிச் சுத்தியைப் பிடிக்கிறது என்றேன். ஹவில்தார் பிரித்துக் கழுவினார். ஊசி தேய்ந்திருக்கும் என்றேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஊசி சரியாக இருந்தது.

எனக்கும் இரண்டு 'டிக்'. ஆனால் வெடித்தவையெல்லாம் அருமையாக வெடித்தன.

டீச்சர் தன் கையை நீட்டி விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "ட்ரிக்கரை நாந்தான் முழுசா இழுக்கலியோ என்னமோ. கை நடுங்குதுன்னு நினைக்கிறேன் சார். இன்னியோட காபிய நிறுத்திட்டேன்."

ஜெசிந்தா டீச்சர் காபியை நிறுத்துவது சிறிய விஷயமில்லை. அவர் பிளாஸ்க் எடுத்துக்கொண்டு தேர்வு மேற்பார்வைக்குப் போகிறவர்.

ஜூன் 15, ஞாயிறு

மைத்துனர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் சாம்பார் பரிமாற நானே முன்வந்தேன், உட்கார்ந்தால் நிலைகொள்ளவில்லை. இரண்டாம் வரிசை முடியும்போது வாளிப்பிடியில் விரல் கொக்கி மாதிரி மடங்கி நின்றுவிட்டது. வாளியை வைக்க முடியவில்லை. சாம்பார் தீர்ந்த பிறகும் காலி வாளியோடு பந்தியைச் சுற்றி வந்தேன்.

"மாப்ளைக்கு வாளிய வெக்கவே மனசில்லீங்களாட்டம் இருக்குது" என்றார் மைத்துனர். பந்தியே சிரித்தது.

கோகிலவாணி சிரிக்கவில்லை. கை கழுவும் இடத்துக்கு இழுத்துப்போய் விரலை நிமிர்த்தினாள். 'டக்'.

"எத்தனை நாளா?"

"இன்னைக்குத்தான்."

"டைரியக் கொண்டாந்து பாக்கட்டுங்களா?"

ஜூன் 17, செவ்வாய்

டாக்டரம்மா விரலை மடக்கினார், நிமிர்த்தினார், காதை வைத்துக் கேட்காத குறை. தசைநாண் ஓடுகிற உறை வீங்கியிருக்கிறதாம். என்னைப் போன்ற சர்க்கரைக்காரர்களுக்குச் சகஜமாம். நோயின் பெயரைக் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள்: ட்ரிக்கர் ஃபிங்கர்.

"நீங்க துப்பாக்கி சுடறீங்களா? பிரமாதம்!" என்று டாக்டரம்மா அடக்கமுடியாமல் சிரித்தார்.

ஆக, கல் மாதிரி இருந்தது ட்ரிக்கர் இல்லை.

விரலை நேராக வைத்து ஒரு பட்டை கட்டிவிட்டார். ஆறு வாரம் மடக்கக்கூடாது. இனி உலகத்துக்கெல்லாம் நான் 'ஒன்று' காட்டிக்கொண்டிருப்பேன். திரும்பும்போது பஸ்ஸில் ரெண்டு டிக்கெட் என்று வாயால் சொன்னேன். கண்டக்டர் விரலைப் பார்த்து ஒன்றுதான் கொடுத்தார். கோகிலவாணிக்கு மறுபடி கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

கிளப்பில் கதவு நசுக்கிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 18, புதன்

டீச்சருக்குப் பத்தில் நான்கு 'டிக்'. ஹவில்தார் கிலோக்கல்லை மாட்டினார். கல் அசைவதற்கு முன்பே சுத்தி விழுந்துவிட்டது. இன்னொரு முறை. அதே கதை. இந்த நிலையில் கொண்டுபோனால் போட்டி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஹவில்தார் பிஸ்டலைப் பிரித்து ஸ்பிரிங்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஆயுத அறை ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார்.

"மெயின் ஸ்பிரிங்குதானுங்க சார். நீங்க சர்வீஸ் ஆளு, கையெழுத்து நல்லாருக்கும். காரணம்னு போட்டிருக்கிற கட்டத்துல நீங்களே எழுதிருங்க."

பேனா எடுத்தேன். பட்டை கட்டிய விரலோடு எழுதுவது கஷ்டம், கையெழுத்து கோணிப்போனது. 'உலோகச் சோர்வு' என்று எழுதினேன். நல்ல தமிழ்.

ஜூன் 19, வியாழன்

நேற்று நான் எழுதிய நல்ல தமிழைக் கிளப் செயலாளர் மருதாசலம் படித்துவிட்டார். அவர் விசைத்தறிக்காரர். சோர்வு என்றால் பராமரிப்பு இல்லை என்று அவருக்கு அர்த்தம்.

"ஏனுங்க ஹவில்தாரே, ஸ்பிரிங்கு சோர்ந்து போற வரைக்கும் நீங்க என்ன பண்ணீட்டு இருந்தீங்க? வயசாச்சுன்னா சொல்லிருங்க. சாவியக் கொடுங்க இப்பிடி."

ஹவில்தார் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். நான் சுவரில் இருந்த தீயணைப்பான் காலாவதித் தேதியைப் படித்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர், ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் பெயரை வாபஸ் வாங்கிவிடுவதாகச் சொன்னார். வெளிநாட்டு ஸ்பிரிங் வர இரண்டு மாதமாகும்.

ஜூன் 20, வெள்ளி

உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது. நின்றால் நடக்கத் தோன்றுகிறது. இட்லி ஆறும்வரை ஹாலில் நடந்தேன். பதினான்காயிரம் அடி என்று போன் பாராட்டுகிறது. டாக்டர் நான்கு வருஷம் முன்பு கேட்டது இதைத்தான்.

ஜூன் 21, சனி

கணபதிப் பகுதியில் ஸ்பிரிங் சுற்றும் பட்டறைக்காரர் ஒருவரைத் தெரியும், பெயர் நாச்சிமுத்து. எங்கள் கம்பெனிக்குச் செய்கிறவர். அளவு கொடுத்தால் அரை நாளில் சுற்றிக் கொடுப்பார். இந்த ஊரில் யானைக்குக்கூட வால் கடைந்து கொடுப்பார்கள், அளவு வேண்டும், அவ்வளவுதான். சிக்கல் அதில்தான். ஸ்பிரிங் செயலாளர் மேஜையில் இருந்தது. ஜாப் கார்டு எழுத வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். முழு நீளம் எவ்வளவு என்று அதில் தெரியாது. ஒன்றேகால் சுற்று கோகிலவாணியின் சாவிக்கொத்தில் இருந்தது.

அவள் காய் நறுக்கும்போது கொத்திலிருந்து கழற்றப் பார்த்தேன். பட்டை கட்டிய விரலால் நகர்த்த முடியவில்லை. கொத்து தரையில் விழுந்து சத்தம் போட்டது.

அவள் வந்தாள். வளையத்தைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் தானே கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"வாசிங் மிஷினுக்கா போகுது இது?"

"இல்ல."

"தெரியும். மிஷின் அன்னிக்கே ஓடுச்சு."

நாச்சிமுத்து வளையத்தையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். "எந்த மவராசனுங்க இதை வெட்டுனது? கட்டிங் பிளேயர் போட்டுக் கடிச்சிருக்கான். முனையத் தேய்ச்சுக்கூட உடலை."

"எங்க கஸ்டமர் ஒருத்தர்" என்றேன். இருபத்தாறு வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம்தான், உபயோகித்தவன் என்ற வகையில் அதுவும் உண்மைதான் என்று பட்டது.

இரண்டு ஸ்பிரிங் செய்து கொடுத்தார்.

ஜூன் 22, ஞாயிறு

ஒன்பது மணிக்கே போய்விட்டேன். டீச்சர் வாபஸ் கடிதத்தோடு வந்திருந்தார். செயலாளர் இருந்தார். ஹவில்தார் சாவி இல்லாத இடுப்போடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் ஒரு நகைச்சுவையான முன்னுரை தயார் செய்திருந்தேன். வாயைத் திறந்ததும் மறந்துவிட்டது. வளையத்தை மேஜைமேல் வைத்தேன்.

"நாந்தான் வெட்டுனேன். ஏழாந்தேதி. விரல் பூட்டிக்குது, ட்ரிக்கர் இழுக்க முடியல. கதவு நசுக்கல."

ஹவில்தார் எழுந்து வந்து வளையத்தைப் பழைய ஸ்பிரிங்கின் முனையில் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. "அண்ணந்தம்பிதானுங்க" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"மாத்திரை டப்பாவுல எல்லாத் தேதியும் ஏழுக்கு அப்பறம். வெட்டுன வாய் பளபளன்னு இருக்குது. பையில கட்டிங் பிளேயர் வெச்சுட்டுத் திரியறது இந்தக் கிளப்புல நீங்க ஒருத்தர்தானுங்க சார். நீங்களே எழுதட்டும்னு நோட்டைக் கொடுத்தேன். நீங்க சோர்வுன்னு எழுதீட்டீங்க. எனக்குத்தான் சோர்வாப் போச்சு."

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு சாவியை ஹவில்தார் பக்கம் தள்ளினார். மன்னிப்பு என்ற சொல் விசைத்தறிக்காரர்களுக்கு வராது, டீ சொல்லியனுப்பினார்.

டீச்சரின் குரல் வகுப்பில் கேட்கிற குரலாக இருந்தது.

"பத்து நாளா காபி குடிக்கலீங்க சார்."

"டீச்சர்..."

"தலைவலியோட ரெண்டு பரிச்சை திருத்தினேன். என் கையச் சந்தேகப்பட்டுட்டு கண்ணாடி முன்னால நின்னு நீட்டி நீட்டிப் பாத்தேன். நீங்க பக்கத்துல நின்னு தோட்டா சொத்தைன்னீங்க, எண்ணெய் பிசின்னீங்க."

"புது ஸ்பிரிங் செஞ்சு கொண்டாந்திருக்கேன். இன்னிக்கே மாட்டீரலாம்."

"மாட்டுங்க. இப்ப ஒவ்வொரு தடவையும் வெடிக்குமா, வெடிக்காதான்னு நினைச்சுட்டே இழுக்கறேனே, அதை எந்தப் பட்டறையில மாத்துவீங்க?"

அதற்குப் பதில் ஹவில்தாரிடம் இருந்தது. புது ஸ்பிரிங் போட்டார், கல் எழும்பியது, ஐம்பது தோட்டாவும் வெடித்தன. ஆனால் ஒவ்வொரு முறையும் வெடிக்கும் முன்பே டீச்சரின் குழல் நுனி கொஞ்சம் தாழ்ந்தது. பயந்து முந்திக்கொள்கிறது கை.

"சார் தினமும் வந்து தோட்டா அடைச்சுக் கொடுக்கட்டும்" என்றார் ஹவில்தார். "நடுவுல வெடிக்காத போலித் தோட்டா ஒண்ணு ரெண்டு. எத்தனாவதுன்னு அம்மணிக்குச் சொல்லக்கூடாது. 'டிக்'குனு கேக்கறப்ப குழல் ஆடுதான்னு பாக்கோணும். ஆடாம நிக்கற வரைக்கும்."

டீச்சர் கடிதத்தைக் கிழிக்கவில்லை. நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

நான் என் பெயரை வாபஸ் வாங்கிவிட்டேன். இந்த விரலை வைத்துக்கொண்டு போட்டிக்குப் போனால் நடுவரைக் குற்றம் சாட்டுகிற மாதிரி இருக்கும்.

ஜூன் 23, திங்கள்

முதல் போலித் தோட்டாவில் குழல் இரண்டு அங்குலம் தாழ்ந்தது. டீச்சர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அவரிடம் வேதியியல் படிக்கிற பிள்ளைகள் ஏன் எல்லாரும் பாஸாகிறார்கள் என்று புரிந்தது.

ஜூன் 25, புதன்

அரை அங்குலம். கம்பெனிக்கு அரை நாள் லீவு போட்டேன். காரணம் என்ற கட்டத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன்.

ஜூன் 26, வியாழன்

இருபது 'டிக்'கில் ஒன்றே ஒன்று ஆடியது. டீச்சர் இன்னும் என்னிடம் பேசுவதில்லை. 'அடைங்க' என்ற ஒரு சொல்லைத் தவிர.

ஜூன் 28, சனி

போட்டி. ஹவில்தாரும் நானும் பின்வரிசை நாற்காலியில். நான் உட்கார்ந்ததைவிட எழுந்ததே அதிகம். பின்னாலிருந்தவர் படம் பார்க்கிற மாதிரி "உக்காருங்க சார், மறைக்குது" என்றார்.

வாசல் பரிசோதனையில் அவர்களுடைய கிலோக்கல் பித்தளை, மினுமினுவென்றிருந்தது. எழும்பியது. பிறகு ஐந்து ஐந்தாகச் சுற்றுகள். டீச்சர் போன வருஷத்து எண்ணிக்கைக்கு மேலேயும் கீழேயுமாகப் போய்க்கொண்டிருந்தார். கடைசிச் சுற்று. ஒன்று, இரண்டு, மூன்று.

நான்காவது, 'டிக்'.

மறுபடி எழப் போனேன். நாச்சிமுத்துவின் ஸ்பிரிங்! என் ஸ்பிரிங்! ஹவில்தார் என் முழங்காலை அமுக்கிப் பிடித்தார். "அவங்களப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். குழல் ஆடவில்லை. ஒரு நூல்கூட. சுட்ட பிறகு எப்படி நிற்குமோ அப்படியே, சுவரில் அறைந்த ஆணி மாதிரி நின்றது. பிறகு டீச்சர் விதிப்படி இடது கையைத் தூக்கினார்.

நடுவர்கள் வந்தார்கள். ஒருவர் தோட்டாவை எடுத்து விளிம்பைத் திருப்பிப் பார்த்தார். ஆழமான, திருத்தமான குத்து. கொசுக்கடி இல்லை, தேள் கொட்டு. துப்பாக்கி தன் வேலையைச் செய்திருக்கிறது, தோட்டாதான் சொத்தை என்று சொல்லி, அந்தச் சுற்றை முடித்துக்கொள்ள அனுமதித்தார்கள்.

டீச்சர் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். என் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன். வாழ்க்கையில் முதல் முறையாக நான் உண்மையாகவே எதுவும் செய்யவில்லை.

மிச்சத்தைச் சுட்டார். பத்து. பத்து.

போன வருஷம் இரண்டு பாயிண்ட் குறைவு. இந்த வருஷம் தேசியப் போட்டிக்கு வேண்டியதைவிட மூன்று அதிகம். ஹவில்தார் எழுந்து நின்று, கூட்டத்துக்கு நடுவே, யாருக்கென்று தெரியாமல் ஒரு சல்யூட் அடித்தார்.

டீச்சர் வெளியே வந்ததும் கைப்பையிலிருந்து நான்காக மடித்த கடிதத்தை எடுத்து, அந்தச் சொத்தைத் தோட்டாவை அதற்குள் வைத்துப் பொட்டலமாகச் சுற்றி என்னிடம் நீட்டினார். "இதை நீங்களும் ஒரு மாத்திரை டப்பாவுல போட்டுத் தேதி எழுதி வெச்சுக்குங்க."

"வெச்சுக்கறேனுங்க டீச்சர்."

"சரி. மொதல்ல ஒரு காபி சொல்லுங்க. பதினாறு நாளாச்சு."

கேன்டீனில் ஒரே கூட்டம், ஒரே இரைச்சல். "மூணு காபி!" என்று நான் கத்தியதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கை உயர்ந்தது. பட்டை கட்டிய விரல் கூட்டத்துக்கு மேலே நேராக நின்றது. கேன்டீன்காரர் விரலைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு காபி கொண்டுவந்து வைத்தார்.

நானும் ஹவில்தாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். டீச்சர் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

ஜூன் 30, திங்கள்

கிளப்பில் ரிஜிஸ்டரை எடுத்து 'உலோகச் சோர்வு' என்பதை அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: உபயோகிப்பாளர் தவறு. கையெழுத்து, சேனாதிபதி.

ஹவில்தார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "இப்ப எழுத்து கோணாம வந்திருக்குதுங்க சார்" என்றார்.